டொமைன் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் தன் லேப்டாப்பைக் கையில் எடுத்துக் கொண்டு வீட்டிற்கு வந்தார். லேப்டாப் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

“சார், நீங்க கம்ப்யூட்டர் பத்திரிகையில எழுதறீங்களே, இந்தக் கடைக்காரன் யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க” என்றார்.

பட்டுப் புடவைகளைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லும் ஒரு வெப்சைட். மகளின் நிச்சயதார்த்தத்திற்காக இரண்டு புடவைகளுக்கு 6,400 ரூபாய் கட்டியிருக்கிறார். இரண்டு வாரமாகியும் புடவை வரவில்லை. இமெயிலுக்குப் பதில் இல்லை. தளத்தில் கொடுத்திருக்கும் போன் எண் உபயோகத்தில் இல்லை.

அந்தத் தளத்தின் பெயரைப் பதிவு செய்தவர் யார் என்று பார்த்தேன். பெயர் பதிவாகி 41 நாட்கள்தான் ஆகியிருந்தன. பதிவு செய்தவரின் பெயர், தெரு, போன் எண் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் “ரெடாக்டட் ஃபார் பிரைவசி” என்ற வரிதான் இருந்தது. அதாவது, அந்தரங்கம் கருதி மறைக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

“திருடனுக்கு என்ன சார் அந்தரங்கம்? இப்படி மறைச்சு வைக்க யார் அனுமதி கொடுத்தது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் என்னுடைய சொந்த வெப்சைட்டின் பெயரைத் தேடினாலும் இதே வரிதான் கிடைக்கும். அதை மறைக்க வேண்டும் என்று விரும்பியவன் நான்தான். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் டொமைன் பெயர் எப்படிப் பதிவாகிறது என்று பார்ப்போம்.

பெயர் பதிவாவது எங்கே?

இண்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அந்த எண்களை நம்மால் நினைவில் வைத்துக் கொள்ள முடியாது. எனவே எண்ணுக்குப் பதிலாகப் பெயரைப் பயன்படுத்தும் முறையை 1983ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்தார். இதுவே டொமைன் நேம் சிஸ்டம். டாட் காம் என முடியும் முதல் பெயர் 1985 மார்ச் 15ல் பதிவானது. சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனம் அதைப் பெற்றது.

இன்று இந்த அமைப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள். இவர்களைப் பிரித்துத் தெரிந்து கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேலே இருப்பது ஐகேன் என்ற அமைப்பு. 1998ல் அமெரிக்காவில் லாப நோக்கமில்லாத நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்ற பொதுவான முடிவுகளுக்கு விதிகளை வகுப்பது இதுதான்.

அடுத்தது ரெஜிஸ்ட்ரி. ஒவ்வொரு முடிவுக்கும் உரிய மூலப் பதிவேட்டை வைத்திருப்பவர். டாட் காமுக்கு வெரிசைன் நிறுவனம். நம் நாட்டின் டாட் இன், தமிழ் எழுத்துகளிலேயே அமைந்த டாட் இந்தியா ஆகியவற்றுக்கு நிக்ஸி.

மூன்றாவது ரெஜிஸ்ட்ரார். நம்மிடம் பணம் வாங்கிக் கொண்டு பெயரைப் பதிந்து தரும் கடைக்காரர்.

நான்காவது ரெஜிஸ்ட்ரன்ட். பெயரைப் பதிவு செய்து கொண்ட நீங்களும் நானும்.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். டொமைன் பெயரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைக்குத்தான் எடுக்கிறோம். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் பத்தாண்டுகளுக்குப் பதியலாம். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவேட்டில் ரெஜிஸ்ட்ரன்ட் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. வெப்சைட்டை வடிவமைத்தவர் யார், பணம் கட்டியவர் யார் என்பதெல்லாம் அடுத்த விஷயம்.

எல்லாருக்கும் திறந்திருந்த பதிவேடு

நிலம் வாங்கும் முன் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல ஒரு டொமைன் பெயர் யாருடையது என்று பார்க்க வந்த வசதிதான் ஹூயிஸ். ‘இது யார்’ என்ற கேள்வியையே பெயராக வைத்து விட்டார்கள்.

ஹூயிஸ் முறையின் விவரங்கள் 1982ல் வெளியாயின. டொமைன் பெயர்கள் வருவதற்கு முன்பே தோன்றியது இது. அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகம், ராணுவ ஆராய்ச்சி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள். நெட்வொர்க்கில் கோளாறு ஏற்பட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். அதற்காக ஒரு டெலிபோன் டைரக்டரி போல இதை வைத்திருந்தார்கள். பெயர், அலுவலக முகவரி, போன், இமெயில் எல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பவர் யார் என்றுகூடக் கேட்காது.

பிறகு 1990களில் இண்டர்நெட் வீடுகளுக்குள் வந்தது. மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவர், கவிதை எழுதும் குடும்பத் தலைவி என எல்லாரும் டொமைன் பெயர் வாங்கினார்கள். பதிவேடு மட்டும் பழையபடியே திறந்து கிடந்தது. இவர்களுக்கு ஏது அலுவலக முகவரி? எல்லாரும் வீட்டு முகவரியையும் வீட்டு போன் எண்ணையும் கொடுத்தார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

என் வீட்டிற்கு வந்த போன்

2006ல் என் பெயரில் ஒரு டாட் காம் வாங்கினேன். ஒரு வாரத்திலேயே இமெயில் பெட்டி குப்பையால் நிரம்பியது. ஹூயிஸ் பதிவேட்டில் தெரியும் முகவரிகளைத் தானியங்கி புரோகிராம்கள் மூலம் அள்ளிக் கொண்டு போகிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஐகேனின் பாதுகாப்புக் குழு இதைச் சோதித்துப் பார்த்து, குப்பை மெயில் அனுப்புபவர்களுக்கு ஹூயிஸ் உதவுவது உண்மைதான் என்று 2007ல் அறிக்கை வெளியிட்டது.

அடுத்து, வெளிநாட்டிலிருந்து தபாலில் ஒரு கடிதம். உங்கள் டொமைன் பெயர் காலாவதியாகப் போகிறது, உடனே பணம் அனுப்பவும் என்று பில் மாதிரியே அச்சடித்திருந்தார்கள். நான் பதிவு செய்த நிறுவனம் வேறு. அனுப்பியவர்கள் வேறு. பணம் கட்டியிருந்தால் என் பெயர் அவர்களிடம் மாற்றப்பட்டு, மூன்று மடங்கு கட்டணம் போயிருக்கும்.

இதெல்லாம் தொந்தரவு. மூன்றாவதாக வந்தது பயம்.

எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம் மாணவர்களிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கிக் கொண்டு பாதியில் வகுப்பை நிறுத்தி விட்டது. அதைப் பற்றி என் தளத்தில் எழுதினேன். நான்காம் நாள் இரவு பத்தரை மணிக்கு வீட்டு போன் அடித்தது. என் மனைவி எடுத்தார். பேசியவர் தன் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, வீடு எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்து விட்டார்.

அவர் படித்த முகவரியில் ஒரு சிறு எழுத்துப் பிழை இருந்ததாக மனைவி சொன்னார். பதிவு செய்யும்போது தெருப் பெயரில் நான் செய்த பிழை அது. ஹூயிஸைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார் என்று புரிந்தது. மறுநாளே பணம் கட்டி, என் விவரங்களை மறைக்கும் பிரைவசி சேவையை வாங்கினேன். எழுதியதை மட்டும் நீக்கவில்லை.

ஆசிரியையின் கேள்விக்கு எனக்குச் சங்கடம் வந்தது இதனால்தான். அந்த இரவில் எங்களைக் காப்பாற்ற வேண்டியிருந்த திரையும், இன்று அவரை ஏமாற்றியவன் ஒளிந்து கொண்டிருக்கும் திரையும் ஒன்றுதான்.

மறைத்துத் தருவதில் இரண்டு வகை

பிரைவசி சேவை என்பதில் ரெஜிஸ்ட்ரன்ட் பெயர் உங்களுடையதாகவே இருக்கும். முகவரி, இமெயில், போன் ஆகியவை மட்டும் அந்தச் சேவை நிறுவனத்துடையதாகக் காட்டப்படும். பிராக்ஸி சேவையில், ரெஜிஸ்ட்ரன்ட் என்று அந்த நிறுவனத்தின் பெயரே இருக்கும். அவர்கள் தங்கள் பெயரில் எடுத்து உங்களுக்குப் பயன்படுத்தத் தருகிறார்கள். பிராக்ஸி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை நன்றாகப் படித்துவிட்டு ஓகே செய்திடவும்.

எல்லா முடிவுகளிலும் இதற்கு அனுமதி கிடையாது. அமெரிக்காவுக்கான டாட் யு.எஸ். பெயர்களில் 2005லேயே இதைத் தடை செய்து விட்டார்கள். நம்முடைய டாட் இன் பெயர்களுக்கும் இத்தகைய சேவைகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி.

2015ல் ஐகேன் இந்தச் சேவைகளை முறைப்படுத்தும் யோசனைகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. பணம் வாங்கி வியாபாரம் செய்யும் தளங்களுக்கு இந்த மறைப்பைத் தரலாமா, கூடாதா என்ற கேள்வியும் அதில் இருந்தது. மறைப்பை நீக்கக் கூடாது என்று ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். வீட்டிலிருந்தே சிறு தொழில் செய்யும் பெண்ணுக்கும் வியாபாரத் தளம்தானே இருக்கிறது? அவருடைய வீட்டு முகவரியை உலகத்திற்கே காட்ட வேண்டுமா என்பது அவர்களின் வாதம்.

2018ல் நடந்த மாற்றம்

ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். 2018 மே 25ல் நடைமுறைக்கு வந்தது. தனிமனிதரின் விவரங்களைக் காரணமின்றி வெளியிட்டால் பெரிய அபராதம் விதிக்க இச்சட்டம் இடம் தருகிறது. திறந்த ஹூயிஸ் சரியல்ல என்று ஐரோப்பிய அதிகாரிகள் 2003லேயே கருத்துத் தெரிவித்திருந்தனர். இப்போது வேறு வழியில்லை. மே 17ல் ஐகேன் ஒரு தற்காலிக விதியைக் கொண்டு வந்தது. தனிநபரின் பெயர், தெரு, போன், இமெயில் ஆகியவை பொதுப் பார்வையிலிருந்து மறைந்தன. மாநிலமும் நாடும் மட்டும் மிஞ்சின. சட்டம் ஐரோப்பாவுடையது என்றாலும், பல ரெஜிஸ்ட்ரார்கள் உலகம் முழுவதும் உள்ள வாடிக்கையாளர்களுக்கும் இதையே செய்து விட்டனர்.

ஹூயிஸ் முறைக்கும் வயதாகி விட்டது. அதற்குப் பதிலாக ஆர்.டி.ஏ.பி. என்ற புதிய முறை வந்தது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து, காட்டும் விவரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இதில் முடியும். பொதுவான முடிவுகளுக்கு ஹூயிஸ் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28ல் முடிவுக்கு வந்தது. ஆனாலும் பழக்கத்தில் எல்லாரும் ஹூயிஸ் என்றே சொல்கிறோம்.

மாற்றத்தினால் இழப்பு இல்லாமல் இல்லை. ஒரு போலித் தளத்தைக் கண்டுபிடித்தால், அதே பெயரில், அதே இமெயிலில் பதிவான மற்ற நூறு தளங்களையும் ஹூயிஸ் மூலம் வளைத்துப் பிடிப்பது பாதுகாப்பு வல்லுநர்களின் வழக்கம். அந்த வழி பெரும்பாலும் அடைபட்டு விட்டது. இதைச் சரி செய்ய ஐரோப்பிய யூனியனே 2022ல் நிஸ் 2 என்ற உத்தரவில் சில விதிகளைச் சேர்த்தது. பதிவு விவரங்கள் உண்மையானவையா என்று சரிபார்க்க வேண்டும். தனிமனிதரைக் குறிக்காத விவரங்களை வெளியிட வேண்டும். உரிய காரணத்துடன் கேட்பவருக்கு 72 மணி நேரத்திற்குள் பதில் தர வேண்டும்.

நீங்களே பார்ப்பது எப்படி?

பிரவுசரில் லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க் என்ற முகவரியைத் திறக்கவும். முன்னால் தபிள்யு மூன்றும் வேண்டாம். கட்டத்தில் தளத்தின் பெயரை மட்டும் தந்து என்டர் தட்டவும். முதலில் விக்கிப்பீடியா டாட் ஆர்க் எனக் கொடுத்துப் பழகுங்கள். அது 2001 ஜனவரியில் பதிவானது எனக் கிடைக்கும். உரிமையாளர் பெயர் மறைந்திருந்தாலும் கீழ்க்கண்டவை பயன்படும்.

1. கிரியேட்டட் என்ற தேதி. “25 ஆண்டுப் பாரம்பரியம்” என்று பெருமை பேசும் கடையின் பெயர் சென்ற மாதம் பதிவானதாக இருந்தால் விலகி விடுங்கள். ஆனால் பழைய தேதி இருந்தாலே நம்பி விடவும் கூடாது. பழைய பெயர்களை ஏலத்தில் எடுப்பவர்களும் உண்டு. அப்போது தேதி மாறாமல் வரும்.

2. ரெஜிஸ்ட்ரார் பெயரும், அதன் கீழ் உள்ள அபியூஸ் காண்டாக்ட் இமெயிலும் போனும். புகார் செய்வதற்கான முகவரி இது. இதை எந்த ரெஜிஸ்ட்ராரும் மறைக்க முடியாது.

3. ரெஜிஸ்ட்ரன்ட் பகுதியில் நாடு, மாநிலம். காஞ்சிபுரம் நெசவாளர் என்று சொல்லும் தளம் வேறு கண்டத்தில் பதிவாகியிருந்தால் யோசியுங்கள். பிராக்ஸி எடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் நாடுதான் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. உரிமையாளருக்குச் செய்தி அனுப்ப ஒரு வெப் படிவம் அல்லது மாற்று இமெயில். அவர் முகவரி உங்களுக்குத் தெரியாது. ஆனால் கடிதம் அவருக்குப் போய்ச் சேரும்.

ஆசிரியைக்கு என்ன செய்தோம்?

முதலில் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணை அழைத்தோம். அரசின் சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதிவு செய்தோம். பணம் போனவுடனே அழைத்திருந்தால், அந்தப் பணம் சென்ற கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் காத்திருந்தது தவறு. வாசகர்கள் இதைக் குறித்துக் கொள்ளவும்.

பிறகு ரெஜிஸ்ட்ராருக்கு, பணம் கட்டிய ரசீது, தளத்தின் படங்கள் எல்லாம் சேர்த்து இமெயில் அனுப்பினோம். 2024 ஏப்ரல் முதல், போலித் தளம் மூலம் பாஸ்வேர்டு திருடுவது, வைரஸ் பரப்புவது போன்றவற்றுக்குத் தக்க ஆதாரம் கிடைத்தால் ரெஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது ஐகேன் விதி. ஆனால் பணம் வாங்கிக் கொண்டு பொருள் அனுப்பாதது அந்தப் பட்டியலில் நேரடியாக வராது. மூன்றாம் நாள் வந்த பதிலும் அதைத்தான் சொன்னது. போலீஸ் முறைப்படி கேட்டால் விவரம் தருகிறோம் என்றார்கள். அந்தக் கடிதத்தையும் புகாருடன் சேர்த்தோம்.

ஐகேனும் 2023 நவம்பரில் ஆர்.டி.ஆர்.எஸ். என்ற ஒரு கோரிக்கைச் சேவையைத் தொடங்கியது. போலீஸ், வழக்கறிஞர், வர்த்தக முத்திரை வைத்திருப்பவர் போன்றோர் இதன் வழியாக மறைந்த விவரங்களைக் கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதை ரெஜிஸ்ட்ராரே முடிவு செய்வார்.

இதை எழுதும் வரை பணம் திரும்பவில்லை. “அடுத்த தடவை பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்தத் தேதியைப் பார்த்துடறேன் சார்” என்றார் ஆசிரியை. 41 நாள் என்பதை அன்றே பார்த்திருந்தால் 6,400 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

நீங்கள் பெயர் வாங்கும்போது

1. உண்மையான விவரங்களையே தரவும். 2013 முதல், பதிவான 15 நாட்களுக்குள் உங்கள் இமெயில் அல்லது போனை ரெஜிஸ்ட்ரார் சரிபார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் பதில் தராவிட்டால் பெயர் முடக்கப்படலாம். தளம் திடீரென நின்றுவிடும்.

2. ரெஜிஸ்ட்ரன்ட் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா எனக் கேட்டு உறுதி செய்திடவும். எனக்குத் தெரிந்த பாத்திரக் கடைக்காரருக்கு வெப்சைட் செய்து தந்தவர், டொமைனைத் தன் பெயரில் பதிந்து கொண்டார். ஐந்தாண்டு கழித்து இருவருக்கும் சண்டை. கடைப் பெயர் பில்லிலும் பைகளிலும் அச்சாகி இருந்தது. பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. கடைசியில் வேறு பெயர் வாங்கித்தான் வியாபாரம் நடக்கிறது.

3. அடிக்கடி பார்க்கும் இமெயிலைக் கொடுங்கள். அதே டொமைனில் உள்ள இமெயில் வேண்டாம். டொமைன் நின்றால் அந்த இமெயிலும் நின்றுவிடும். எச்சரிக்கை வந்ததே தெரியாது.

4. வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் பதிவுக்கென்று தனி இமெயில் வைத்துக் கொள்ளலாம். பிரைவசி சேவை இலவசமாகக் கிடைக்கிறதா எனப் பார்க்கவும். இப்போது பல ரெஜிஸ்ட்ரார்கள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

5. ஒருமுறை வெளியான விவரத்தைத் திரும்பப் பெற முடியாது. பழைய ஹூயிஸ் பதிவுகளைச் சேமித்து விற்கும் நிறுவனங்கள் உண்டு. என் 2006ஆம் ஆண்டு முகவரி இன்னும் எங்கோ இருக்கும். எனவே முதல் நாளிலிருந்தே கவனம் தேவை.

6. புதுப்பிக்கும்படி வரும் கடிதம், இமெயில் எதற்கும் நேரே பணம் கட்டாதீர்கள். உங்கள் ரெஜிஸ்ட்ராரின் தளத்திற்கு நீங்களே சென்று லாக் இன் செய்து கட்டவும்.

மறைக்கலாமா, காட்டலாமா என்று என்னைக் கேட்டால், ஊருக்கு மறைக்கலாம், பதிவேட்டுக்கு மறைக்கக் கூடாது என்பேன். வண்டியின் நம்பர் பிளேட்டில் நம் வீட்டு முகவரி இல்லை. ஆனால் விபத்து நடந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முகவரி கிடைக்கும். டொமைன் பெயருக்கும் அதுவே முறை. மறைக்கும் பக்கம் ஓரளவு நடந்து விட்டது. தேவைப்படும்போது உண்மையான முகவரி, உரியவர் கையில் விரைவாகக் கிடைக்கும் பக்கம்தான் இன்னும் வேகம் பெற வேண்டும். அதுவரை, பணம் கட்டும் முன் அந்தத் தேதியை ஒருமுறை பார்த்து விடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.